பெட்டி கொழுவிய பெருமானுக்கு ஒரு பொன்னாடை

யாழ்ப்பாணத்தில் பொன்னாடைக்குப் பஞ்சமில்லை. ஓய்வுபெற்ற அதிபருக்குப் போர்த்துகிறோம், ஓய்வுபெறப் போகிறவருக்கும் போர்த்துகிறோம், புத்தகம் வெளியிட்டவருக்கும் முதற்பிரதி வாங்கியவருக்கும் சேர்த்தே போர்த்துகிறோம். இத்தனை தோள்களைத் தேடிக் கண்டுபிடித்த நாம், அல்லும் பகலும் எங்கள் வீதிகளிலே பவனி வருகின்ற ஒரு திருத்தோளை மட்டும் எப்படி மறந்தோம் என்று எண்ணுகையில் நெஞ்சம் பதறுகிறது. லான்ட்மாஸ்ரருக்குப் பின்னே பெட்டி கொழுவி, முன்பலகையிலே ஒரு சாக்கை மடித்துப் போட்டு, சாரம் காற்றில் படபடக்க வீற்றிருந்து, வலிகாமத்துச் செம்மண் தொடக்கம் வடமராட்சி வெண்மணல் வரைக்கும் செங்கோல் ஓச்சும் எங்கள் சாரதிப் பெருந்தகையைத்தான் சொல்கிறேன். அவருக்குச் சேரவேண்டிய புகழை இன்று வட்டியும் முதலுமாகச் செலுத்திவிடுவதென்று இருக்கிறேன்.

லான்ட்மாஸ்ரர் என்பது ஒரு காலத்தில் பிரித்தானியக் கம்பனியொன்றின் பெயர். அந்தப் பெயர் பொறித்த இயந்திரத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று குறைவு. பிறகு யப்பானிலிருந்து குபோட்டா வந்தது, யன்மார் வந்தது, சீனத்து இயந்திரங்களும் வந்திறங்கின. வந்தவை எல்லாவற்றுக்கும் நாம் லான்ட்மாஸ்ரர் என்றே பெயர்சூட்டினோம். நிலத்துக்கு எசமான் என்று அதற்குப் பொருள். எங்கள் பெருந்தகையோ நிலத்தோடு அடங்குபவர் அல்லர். தோட்டம், வயல், தார் றோட்டு, தண்டவாளக் கடவை, கோயில் வீதி, கடற்கரை என்று அவர் பாதம் படாத தலமில்லை. அந்நிய நாடுகளிலே எந்தத் தரையிலும் ஓடுவதற்கென்று நாலு சில்லு வாகனம் தனியாகச் செய்கிறார்கள். செய்தவர்கள் சும்மா விடுகிறார்களா? எத்தனை கிலோ இழுக்கலாம், எந்த இடத்தில் கொழுவலாம், எந்தச் சரிவில் குறுக்கே போகக்கூடாது என்று ஒரு கையேட்டையும் கையில் திணிக்கிறார்கள். பாவம், ஏட்டை நம்பி வாழும் மக்கள். எங்கள் பெருந்தகைக்கு ஏடு தேவைப்படவில்லை. இயந்திரத்தோடு வந்த ஏட்டில் அவர் வீட்டுப் பிள்ளைகள் கப்பல் செய்து வெள்ளத்தில் விட்டார்கள்.

அவருடைய கொழுவலைப் பாருங்கள். இயந்திரத்தையும் பெட்டியையும் இணைக்கின்ற துளைக்குள்ளே கம்பனிக்காரன் கொடுத்த உருக்கு ஆணி எப்போதோ பற்றைக்குள் விழுந்து முத்தியடைந்துவிட்டது. அதன் ஆசனத்தில் இப்போது கட்டிடக் கம்பித் துண்டு ஒன்று எழுந்தருளியிருக்கிறது. அது மேலே துள்ளி வராமல் தடுக்க வேண்டிய கிளிப்புக்குப் பதிலாக, நேர்த்திக்குக் காப்புக் கட்டுவதுபோல் நைலோன் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறார். லான்ட்மாஸ்ரரின் விசேடம் என்னவென்றால், சாரதியின் ஆசனம் இயந்திரத்தில் இல்லை, பெட்டியிலே இருக்கிறது. ஆகவே கம்பி கழன்றால் என்ஜின் ஒரு திசையிலும் அதை ஆளும் மன்னர் மறுதிசையிலுமாகப் புறப்படுவர். இயந்திரத்திற்கு இவ்வளவு சுதந்திரம் அளித்த ஆட்சியாளர் உலக சரித்திரத்தில் வேறு எவருண்டு?

பெட்டியின் அச்சில் கால்பிறேக் ஒன்று இருக்க வேண்டும். எங்கள் பெருந்தகை அதைக் கழற்றிவிட்டார். துருப்பிடித்து நெரிபடுகிறது, டீசலைக் குடிக்கிறது, எதற்கு அந்தச் சனியன் என்று கருணையோடு விலக்கிவைத்தார். பத்துப் பன்னிரண்டு குதிரைவலு என்ஜின். பின்னே அதன் நிறையைப்போல் பல மடங்கு சீமெந்துக்கல். ஒருநாள் கோப்பாய்ப் பக்கம் வழியில் கண்டு பயபக்தியோடு கேட்டேன்.

“பிறேக் பிடிக்குமோ அண்ணை?”

“பிறேக் என்னத்துக்குத் தம்பி? பாரம் கிடக்குதுதானே, தானா நிக்கும்.”

பாரம் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் என்ற இந்த மெய்ஞ்ஞானத்துக்கு முன்னால் நியூட்டன் கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஓடுகின்ற பாரம் ஓடிக்கொண்டேயிருக்க விரும்பும் என்று அந்த மனிதர் எழுதி முந்நூறு வருடங்களுக்கு மேலாகிறது. அவர் பெட்டி கொழுவி ஓட்டியவரில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

அண்ணலின் மதிநுட்பம் முழுதாக வெளிப்படுவது இறக்கத்திலே. குடாநாட்டில் மலை ஏது என்று கேட்பீர்கள். பாலத்து இறக்கமும் தண்டவாளக் கடவையின் மறுகரையும் வயலுக்குள் இறங்கும் மண் அணையும் போதும். சமதரையில் இடது கைப்பிடியின் கீழுள்ள கிளச்சை அழுத்தினால் இடது சில்லுக்குப் போகும் இழுவை அறும். வலது சில்லு முன்னேற, வண்டி இடப்பக்கம் திரும்பும். இது குழந்தைக்கும் தெரிந்தது. இறக்கத்தில் பெட்டி பின்னாலிருந்து தள்ளுகின்றபோது என்ஜின் இழுப்பதை நிறுத்திவிட்டுச் சில்லுகளைப் பிடித்து மறித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இடது கிளச்சை அழுத்தினால் இடது சில்லு பிடிவிட்டு ஓடும்; வண்டி வலப்பக்கம் திரும்பும். இடம் என்று அழுத்த வலம் போகும். இலங்கையில் வலப்பக்கம் என்பது எதிரே பஸ் வருகின்ற பக்கம். இதனால்தான் இறக்கத்தில் அந்தக் கிளச்சைத் தொடாதே, மேட்டிலேயே சின்னக் கியருக்கு மாற்றிக்கொண்டு கைப்பிடியைத் தள்ளித் திருப்பு என்று பயந்தாங்கொள்ளிகள் சொல்லிவைத்தார்கள். எங்கள் பெருந்தகை மேட்டிலேயே கியரைக் கழற்றி நியூட்ரலில் விட்டுவிடுகிறார். அரைப் போத்தல் டீசல் மிச்சம். மிச்சம் பிடிப்பது தமிழர் குணமல்லவா. மருத்துவச் செலவையும் மாதக் கணக்கில் படுக்கையில் கிடப்பதையும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. சிறு கணக்குகள் பெரியோருக்கு அழகல்ல.

நாலு சில்லு உழவு இயந்திரத்தை ஆளும் பேரரசர்களை இந்த இடத்தில் வணங்காமல் போனால் பாவம் சேரும். அவர்களுடைய சிவந்த மெசி பேர்குசனுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1917 அளவிலே அயர்லாந்தில் ஹரி பேர்குசன் என்பவர் ஊர் ஊராகச் சென்று, உழவு இயந்திரங்கள் வேலைசெய்யும் அழகைப் பார்த்தார். பின்னே கட்டிய கலப்பை கல்லில் சிக்கியவுடன் இயந்திரம் குதிரைபோல் முன்சில்லுகளைத் தூக்கி, ஓட்டியவர்மேலேயே மல்லாந்து விழுந்தது. இதைத் தடுக்கத்தான் அவர் ஆண்டுக்கணக்காக மூளையைக் கசக்கினார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மும்முனை இணைப்பு பிறந்தது. கலப்பை சிக்கினால் மேற்கை முன்னோக்கித் தள்ளி, முன்சில்லை நிலத்தோடு அழுத்தும்படி அமைத்தார். அந்த மேற்கை பூட்டுகின்ற துளையைக் கண்டதும் எங்கள் பேரரசர்களுக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? சங்கிலி கொழுவ எவ்வளவு வாய்ப்பான உயரம்! புதைந்த லொறியை இழுப்பதற்கும், வெட்டிய பனங்குற்றியை இழுப்பதற்கும், வேரோடு மரம் பிடுங்குவதற்கும் சங்கிலியை அங்கேயே மாட்டுகிறார்கள். அச்சுக்குக் கீழே, தாழ்ந்து கிடக்கும் இழுவைச் சட்டம் எவருக்கும் வேண்டாத பிள்ளையாய்த் துருப்பிடிக்கிறது. பேர்குசன் ஓர் ஆயுளைச் செலவிட்டு இறக்கிவைத்த யமனை எங்கள் பேரரசர்கள் ஒரு சங்கிலியால் மறுபடி மேலே ஏற்றிவிட்டார்கள்.

காலபோகத்துச் சேற்றிலே பின்சில்லு புதைந்துவிட்டால் அவர்கள் காட்டும் உபாயம் இன்னும் உயர்ந்தது. மரக்குற்றியொன்றைப் பின்சில்லுகளோடு சேர்த்துக் கட்டி, கியரைப் போட்டுக் கிளச்சைப் படாரென்று விடுவார்கள். குற்றி சேற்றில் ஊன்றிச் சில்லைச் சுற்றவிடாது பிடிக்கும். சில்லு சுற்ற முடியாவிட்டால் உழவு இயந்திரம் சில்லைச் சுற்றும். முன்பக்கம் எழுந்து ஒரு நொடி போவதற்குள்ளேயே மீளமுடியாத நிலையைத் தாண்டிவிடும். அந்தக் கணத்தில் கிளச்சை மிதிக்க வேண்டும் என்று நினைத்து முடிப்பதற்கே அவகாசம் கிடையாது. இவ்வளவு விரைவான வீரமரணத்தை எந்தப் புராணமும் தன் நாயகனுக்கு அருளியதில்லை. சுவீடனிலே 1959இலிருந்து புது உழவு இயந்திரம் எதுவானாலும் சாரதியின் தலைக்குமேல் இரும்புச் சட்டம் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கவிழ்ந்தாலும் ஆள் நசியாமல் இருக்கட்டும் என்று. எங்கள் ஊரில் சட்டம் பூட்டி வந்த இயந்திரத்திலும் மாங்கொப்பு முட்டுகிறது என்று அறுத்து எடுத்துவிடுகிறார்கள். அந்த இரும்பு வீணாவதில்லை, கோழிக்கூட்டுக்குக் காலாகிறது. கோழிகள் பாதுகாப்பாக இருக்கின்றன.

பிறேக் பெடல் இரண்டு. வயலில் குறுகத் திரும்புவதற்காக இடச்சில்லுக்கு ஒன்று, வலச்சில்லுக்கு ஒன்று. வீதிக்கு ஏறியவுடன் இரண்டையும் ஒரு கொக்கியால் பூட்டிவிட வேண்டும். கொக்கி ஆடிக்கொண்டே கிடக்கிறது. பெட்டியிலே ஒரு கியூப் ஈரமணல். கியூப் என்றால் நூறு கன அடி. நாலரைத் தொன்னுக்குக் குறையாது. அதை இழுக்கிற பழைய மெசி 135 ஒன்றரைத் தொன். மருதங்கேணிப் பக்கத்திலிருந்து விடியப்புறம் பொலிசுக்கு முந்தி வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், நாய் குறுக்கே ஓட, வலது கால் ஒற்றைப் பெடலில் அழுந்துகிறது. பின்னே நாலரைத் தொன்னும் நேரே போக விரும்ப, முன்னே ஒன்றரைத் தொன் பக்கவாட்டில் திரும்ப, அப்போது அரங்கேறும் தாண்டவத்தைக் காணக் கண் கோடி வேண்டும். மட்காட்டில் குந்தியிருக்கும் உதவியாளப் பையனுக்கு அதை மிகக் கிட்ட இருந்து காணும் பேறு வாய்க்கிறது.

வடமராட்சி கிழக்கிலே சம்மாட்டிமார் சிலர் உழவு இயந்திரத்தின் பின்னே வின்ச் பூட்டிக் கரைவலை இழுப்பிக்கிறார்கள். முன்பு முப்பது நாற்பது பேர் அம்பா பாடி இழுத்த கயிற்றை இப்போது உருளை இழுக்கிறது. கயிறு விண்ணென்று நிற்கும்போது சிறுவர்கள் அதன்மேல் தாண்டி விளையாடுகிறார்கள். அறுந்த கயிற்றின் நுனி எப்படிப் பறக்கும் என்பதை அவர்கள் அறியாமல் காக்கும் பெரியவர்களின் அன்பை நான் எழுத்தில் அடக்க மாட்டேன்.

வின்ச்சைச் சுற்றுவதும் சூடடிக்கும் இயந்திரத்தைச் சுற்றுவதும் தண்ணீர்ப் பம்பைச் சுற்றுவதும் உழவு இயந்திரத்தின் பின்னே நீண்டிருக்கும் ஒரு தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று என்பது அதன் வழமையான வேகம், நொடிக்கு ஒன்பது. மூட்டுப் பக்கம் அதன் சுற்றளவு ஏறக்குறைய ஒரு சாண். ஆகவே ஒரு நொடியில் ஒன்பது சாண் துணியை அது தன்மேல் சுற்றிக்கொள்ளும். ஒரு சாரத்தின் சுற்று அவ்வளவுதான். அதன்மேல் மூடியிருந்த பிளாஸ்ரிக் உறையைப் பெருந்தகைமார் முதல் போகத்திலேயே கழற்றி எறிந்தார்கள். கிறீஸ் பூச இடைஞ்சலாம். சுற்றுகிற தண்டைச் சுற்றி வளைந்து போகாமல் அதன்மேலாகவே காலைத் தூக்கிவைத்துக் கடக்கிறார்கள். திரௌபதிக்குத் துணி வளர்ந்துகொண்டே போனது. இங்கே துணி முடிந்தபிறகும் தண்டு நிற்பதில்லை.

லான்ட்மாஸ்ரருக்கு ரொட்டவேட்டர் பூட்டிச் செம்மண் கிளறும் தோட்டக்காரப் பெருமக்களையும் வாழ்த்துகிறேன். கத்திகள் சுற்றச் சுற்றவே பின்கியர் போட்டு, பின்னே பாராமல் பின்னாலே நடக்கிறார்கள். கைப்பிடி மேலே துள்ளும். கத்தி காலைத் தேடி வரும். விலகப் பின்னே இன்னோர் அடி வைத்தால் அங்கே கட்டில்லாத கிணறு. குடாநாட்டில் கிணறுகள் ஏறத்தாழ ஒரு லட்சம் என்பார்கள். ஆறில்லாத தேசத்துக்கு ஆண்டவன் தந்த கொடை. நடந்து வருகிறவர் எந்தப் பக்கம் பின்வாங்கினாலும் ஒன்று காத்திருக்கிறது.

இனி, பெட்டியில் ஏறுகின்ற எங்களைப் பற்றி. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. எறிகணை. எரிபொருள் தடை தொடங்கி ஐந்து வருடம். அந்தச் சனத்துக்குள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊர்ந்த பெட்டிகளில் கிழவிகளும் கைக்குழந்தைகளும் ஏற்றப்பட்டார்கள். அன்று பெட்டி எங்களைக் காத்தது. நாங்கள் நன்றி மறக்கும் இனமா? அன்று உயிரைக் காக்க ஏறிய பெட்டியில் இன்று பஸ்சும் வானும் ஓடுகின்ற வீதியிலே பேரப்பிள்ளைகளை ஏற்றி அந்த நன்றியைச் செலுத்துகிறோம். வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குப் போகிறோம், சந்நிதிக்குப் போகிறோம். நானும் போயிருக்கிறேன், பக்கப்பலகையின்மேல் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் குந்தியிருந்திருக்கிறேன், மடியிலே தங்கையின் மகளையும் வைத்துக்கொண்டு. பிடிக்கக் கம்பியில்லை, பலகையின் கொளுக்கி கழன்றிருந்தது, அவளுக்கு அப்போது மூன்று வயது. அவ்வளவு துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்று நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது.

தூக்குக்காவடிக்கென்று அதே இயந்திரத்தின் முன்னே முதல்நாள் மாலை துலாவொன்றை ஒட்டிவிடுகிற வெல்டிங் வித்தகரையும் மறக்கலாகாது. முதுகிலே செடில் குத்திய அடியார் துலாவில் தொங்க, துலா அந்த ஒட்டிலே தங்க, ஒட்டு முருகன் அருளிலே தங்குகிறது. பொறியியலின் கடைசிப் பொறுப்பை ஆண்டவனிடமே ஒப்படைத்த அந்தப் பணிவை எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம்?

2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் மேவிப் பாய்ந்த வீதியில், மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த பெட்டியை உழவு இயந்திரத்தோடு சேர்த்து நீர் புரட்டிற்று. பிள்ளைகள் பலர் வீடு திரும்பவில்லை. அந்தச் செய்தியை நாம் கண்ணீரோடு வாசித்தோம். முகநூலில் மெழுகுதிரி ஏற்றினோம். அடுத்த மழைக்கு எங்கள் ஊர் மதகின்மேல் தண்ணீர் பாய்ந்தபோது, “லான்ட்மாஸ்ரர் உயரம்தானே, ஏத்துங்கோ பிள்ளையளை” என்று உரக்கச் சொன்னவரும், ஏற்றிவிட்டவர்களும், கரையில் நின்று கைபேசியில் படம் பிடித்தவர்களும் அதே கண்ணீர் விட்ட நாங்கள்தான். எந்தச் சாவாலும் கலங்காத இந்தத் திடசித்தத்தை நினைத்து நினைத்து நான் உறங்காமல் இருந்த இரவுகள் உண்டு.

இரவு என்றதும் வல்லை வெளி கண்முன்னே வருகிறது. இருமருங்கும் வெட்டவெளி, உப்புக்காற்று, ஒரு விளக்கும் இல்லை. எங்கள் பெருந்தகையின் ரதத்துக்கு முன்னே ஒற்றை விளக்கு. எதிரே வருபவர் மோட்டார் சைக்கிள் என்று எண்ணி, அதற்குப் போதிய இடம்விட்டு வருவார். பெட்டியின் அகலத்தைக் கிட்டே வந்து அறிந்துகொள்வார். பின்னே விளக்கு இல்லை, ஒளிதெறிக்கும் வில்லை இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளின் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். இருட்டில் சிவப்பு எப்படித் தெரியும் என்று கேட்கும் அற்பர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. சிவப்பு வில்லை இரண்டு ஒரு வேளைத் தேத்தண்ணீருக்கும் வடைக்கும் ஆகும் காசுதான். உடலைக் காட்டிலும் காசைப் பெரிதாக மதிக்காத அவர், அந்தக் காசுக்குத் தேத்தண்ணீரே குடித்தார்.

அரசாங்கமும் அவருடைய மாண்பை உணர்ந்து, சாரதி அனுமதிப் பத்திரத்தில் இரு சில்லு இயந்திரத்துக்கென்று ஜி1 என ஒரு தனி வகுப்பே வைத்திருக்கிறது. அவரிடம் அது இல்லை. சந்தியில் மறிக்கின்ற பொலிஸ்காரர் தலைக்கவசம் போடாத பள்ளிக்கூடப் பையனைப் பிடிப்பதில் மும்முரமாக இருப்பதால், பெட்டி தன் கம்பீரம் குறையாமல் கடந்து போகிறது.

இவ்வளவும் எழுதியபின் சும்மா இருக்க மனம் வரவில்லை. நேற்றுச் சுன்னாகத்தில் சரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்று வாங்கினேன். நாலு முழம். தோட்டத்திலே அவர் உழவு இயந்திரமொன்றில் பம்பைப் பூட்டி நீர் இறைத்துக்கொண்டு நிற்கும் நேரம் பார்த்துப் போனேன். தண்டு சுற்றிக்கொண்டிருந்தது, அவர் அதற்கு ஒரு பக்கம், நான் மறுபக்கம். “ஒருக்கா என்ஜினை நிப்பாட்டுங்கோ அண்ணை, இதைப் போர்த்திவிட்டுப் போறன்” என்றேன். மனம் குளிர்ந்து சிரித்தார்.

“அது ஓடட்டும் தம்பி, நிப்பாட்டினாத் திரும்பக் கிளப்பக் கரைச்சல். இப்பிடியே மேலாலை எட்டிப் போடும்” என்று சொல்லித் தோளைச் சரித்துக் குனிந்தார்.